கனமான பேஸ் பெடல் சிந்தசைசருக்கு உறுதியான ஸ்டாண்டைத் தேர்ந்தெடுத்தல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பேஸ் பெடல் சிந்தசைசர் என்பது எது? அதன் ஸ்டாண்டைப் பற்றி மட்டும் ஏன் தனியாகப் பேச வேண்டும்?

ஆர்கனின் அடியில் இருக்கும் மிதிகட்டைகளைப் போல, காலால் மிதித்துத் தாழ்ந்த சுரங்களை ஒலிக்கச் செய்யும் மின்னணுக் கருவியையே பேஸ் பெடல் சிந்தசைசர் என்கிறோம். பெரும்பாலானவற்றில் ஒரு ஸ்தாயிக்குரிய 13 பெடல்கள் இருக்கும். இந்த வகையில் மிகவும் பெயர் பெற்றது 1975இல் வெளிவந்த மோக் டாரஸ். (பலர் இதை ‘மூக்’ என்று எழுதுகிறார்கள். இதைத் தயாரித்த மோக் நிறுவனத்தின் நிறுவனரே தம் பெயரை ‘மோக்’ என்றுதான் உச்சரித்தார். தமிழில் அப்படி எழுதினால் முகத்தில் இருப்பதோடு குழப்பம் வராது என்பது கூடுதல் வசதி.) ஜெனிசிஸ் குழுவின் மைக் ரதர்ஃபோர்டு, ரஷ் குழுவின் கெடி லீ, போலீஸ் குழுவின் ஸ்டிங் ஆகியோர் கையில் கிதாரை வைத்துக்கொண்டே காலால் இதை வாசித்தார்கள்.

கீபோர்டின் மேல் விழுவது விரல்களின் எடை மட்டுமே. பேஸ் பெடலின் மேலோ ஒரு மனிதரின் கால் விழுகிறது. சில நேரங்களில் அவருடைய முழு உடல் எடையும் விழுகிறது. எனவே கருவி எத்தனை கிலோ என்பதை மட்டும் பார்த்து ஸ்டாண்டு வாங்குபவர் பாதிக் கணக்கைத்தான் போட்டிருக்கிறார். கால் எந்தத் திசையில், எந்த இடத்தில், எவ்வளவு அழுத்துகிறது என்பதே மீதிக் கணக்கு. கீழே வரும் பதில்கள் பெரும்பாலும் இதைச் சுற்றியே அமைந்துள்ளன.

காலால் வாசிக்கும் கருவிக்கு ஸ்டாண்டே தேவையா?

மூன்று சூழல்களில் தேவைப்படுகிறது. முதலாவது, ஒலிப்பதிவு அறையில் கருவியை மேசை உயரத்துக்கு உயர்த்தி, பெடல்களைக் கையால் அழுத்தி வாசிப்பது. நிதானமான நீண்ட சுரங்களைப் பதிவு செய்பவர்கள் பலர் இப்படிச் செய்கிறார்கள். இரண்டாவது, உட்கார்ந்து வாசிப்பவர் தம் கால் நீளத்துக்கு ஏற்றபடி கருவியைச் சில சென்டிமீட்டர் உயர்த்திக்கொள்வது. மூன்றாவது, மேடையில் கருவி நழுவாமலும் ஆடாமலும் இருக்க அதன் அடியில் ஓர் அகலமான தளம் அமைப்பது. ‘ஸ்டாண்ட்’ என்ற ஒரே சொல்லால் இம்மூன்றையும் குறிப்பதனால்தான் தவறான பொருளை வாங்கிவிடுகிறோம். முதல் சூழலுக்கு ஏற்ற ஸ்டாண்டை மற்ற இரண்டுக்கும் பயன்படுத்துவது ஆபத்தானது.

என்னிடம் எக்ஸ் வடிவக் கீபோர்டு ஸ்டாண்டு ஒன்று இருக்கிறது. அதையே பயன்படுத்தலாமா?

கையால் வாசிப்பதற்குக்கூட நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். எக்ஸ் வடிவ ஸ்டாண்டில் உயரமும் அகலமும் ஒன்றோடொன்று பிணைந்தவை. குறுக்கே செல்லும் ஒவ்வொரு கம்பியின் நீளமும் 100 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். உயரத்தை 60 சென்டிமீட்டராக வைத்தால், கால்களுக்கு இடையே 80 சென்டிமீட்டர் இடைவெளி கிடைக்கும். உயரத்தை 80 ஆக்கினால் இடைவெளி 60 ஆகிவிடும். 90 ஆக்கினால் ஏறத்தாழ 44தான் மிஞ்சும். அதாவது உயர்த்த உயர்த்தப் பக்கவாட்டுப் பிடிப்பு குறைந்துகொண்டே போகிறது.

அப்படியானால் தாழ்த்தி வைத்துக்கொள்ளலாமே என்று தோன்றும். அங்கேதான் இரண்டாவது சிக்கல் வருகிறது. மேலே கருவியைத் தாங்கும் இரு கைகளின் இடைவெளியும் கீழுள்ள கால்களின் இடைவெளியும் ஒரே அளவில் விரிபவை. 60 சென்டிமீட்டர் உயரத்தில் அந்தக் கைகள் 80 சென்டிமீட்டர் விரிந்து நிற்கும். 13 பெடல் கொண்ட கருவிகளில் பலவற்றின் அகலம் ஏறத்தாழ 60, 70 சென்டிமீட்டர்தான் என்பதால், கருவி அந்த இடைவெளிக்குள்ளேயே இறங்கிவிடும். நீளமான கீபோர்டுகளை மனத்தில் வைத்து வடிவமைக்கப்பட்ட பொருள் இது. குறைந்த அகலத்தில் அதிக எடை கொண்ட கருவிக்கு, உயர்த்தினாலும் தாழ்த்தினாலும் ஒத்துவராது. இரட்டைக் கம்பி கொண்ட வகை முறுக்கத்தை ஓரளவு குறைக்குமே தவிர, இந்த வடிவக் கணக்கை மாற்றாது.

அப்படியானால் கையால் வாசிக்க எந்த வகை நல்லது?

நான்கு கால்களும் நான்கு மூலைகளில் நிற்கும் மேசை வகை ஸ்டாண்டு. தாங்கும் சட்டங்களின் இடைவெளியைத் தனியாகவும் உயரத்தைத் தனியாகவும் மாற்ற முடிய வேண்டும் என்பது முதல் தகுதி. இசட் வடிவ ஸ்டாண்டும் ஏற்கத்தக்கதே, ஆனால் அதன் மேல் தளத்தின் முன்பகுதி, செங்குத்தான கால் ஒன்று நேரடியாகத் தாங்காமல், சாய்ந்த தண்டின் வலிமையை நம்பியே நிற்கிறது. பெடலின் முனையை முஷ்டியால் அழுத்தும்போது அந்தப் பகுதி சற்றே கீழிறங்கி மேலெழுவதை உணரலாம். நடுவே ஒற்றைத் தூண் கொண்ட நாகரிகமான வகைகளை மறந்துவிடுவது நல்லது.

‘60 கிலோ வரை தாங்கும்’ என்று பெட்டியில் அச்சிட்டிருக்கிறார்கள். என் கருவி 18 கிலோதான். போதாதா?

அந்த எண் பெரும்பாலும், எடையைச் சமமாகப் பரப்பி, மெதுவாக இறக்கி, அசைக்காமல் வைத்திருக்கும் நிலைக்கு உரியது. பெடல் வாசிப்பில் இந்த மூன்று நிபந்தனைகளுமே உடைந்துபோகின்றன. எடை ஒரு மூலையில் விழுகிறது, திடீரென விழுகிறது, மீண்டும் மீண்டும் விழுகிறது.

இயற்பியலில் ஓர் எளிய உண்மை உண்டு. வளைந்து மீளும் ஒரு தாங்கியின் மேல் ஓர் எடையை மெல்ல இறக்கும்போது ஏற்படும் வளைவைவிட, அதே எடையைத் தொட்டவாறு பிடித்துச் சட்டென விடும்போது ஏற்படும் உச்ச வளைவு இரு மடங்காகும். சிறிது உயரத்திலிருந்து விழுந்தால் இன்னும் கூடும். எனவே கையால் வாசிப்பவர் கருவியின் எடையைப் போல மூன்று மடங்கு குறிப்பிட்டிருக்கும் ஸ்டாண்டை எடுத்துக்கொள்ளலாம். காலால் வாசிப்பவர் கருவியின் எடையோடு தம் உடல் எடையையும் கூட்டி, அந்தத் தொகையை இரட்டித்துக்கொள்ள வேண்டும். 18 கிலோ கருவி, 70 கிலோ மனிதர் என்றால் கணக்கு 176 கிலோவில் வந்து நிற்கும். கடையில் கிடைக்கும் கீபோர்டு ஸ்டாண்டுகளில் பெரும்பாலானவை இந்தக் கணக்கில் தோற்றுவிடும். தோற்க வேண்டியவைதான், அவை காலுக்காகச் செய்யப்படவில்லை.

முன் விளிம்பை மிதிக்கும்போது கருவியின் பின்பக்கம் தூக்குகிறது. ஸ்டாண்டு பலவீனமாக இருக்கிறதா?

இல்லை. ஸ்டாண்டு இரும்பு மலையாக இருந்தாலும் இது நடக்கும். தாங்கும் இடம் தவறாக அமைந்திருப்பதே காரணம்.

எடுத்துக்காட்டாக, 18 கிலோ கருவியின் ஈர்ப்பு மையம், முன்பக்கத் தாங்கு கோட்டிலிருந்து 20 சென்டிமீட்டர் பின்னால் இருக்கிறது என்றும், பெடல் முனைகள் அந்தக் கோட்டைத் தாண்டி 6 சென்டிமீட்டர் வெளியே நீட்டிக்கொண்டிருக்கின்றன என்றும் கொள்வோம். கருவியைக் கீழே பிடித்து வைக்கும் திருப்புவிசை 18 × 20 = 360. முனையில் விழும் எடையை 6ஆல் பெருக்கினால் 360ஐ எட்ட 60 கிலோ வேண்டும். சாதாரணமாக மிதித்தால் ஒன்றும் ஆகாது. முழு எடையோடு ஏறி நின்றால் மட்டுமே கவிழும்.

இப்போது அதே கருவியை, முன்பக்கத் தாங்கி 9 சென்டிமீட்டர் பின்னால் தள்ளியிருக்கும் ஒரு ஸ்டாண்டில் வைக்கிறோம். ஈர்ப்பு மையம் தாங்கு கோட்டிலிருந்து 11 சென்டிமீட்டராகக் குறைகிறது; முனையோ 15 சென்டிமீட்டர் வெளியே நீட்டுகிறது. 18 × 11 = 198; அதை 15ஆல் வகுத்தால் 13 கிலோவுக்குச் சற்று மேல். பாதத்தைச் சோம்பலாகப் போட்டாலே அந்த எடை வந்துவிடும். கருவியை மாற்றவில்லை, அதன் எடையும் மாறவில்லை. தாங்கும் இடம் 9 சென்டிமீட்டர் நகர்ந்ததால் மட்டுமே 60 கிலோ என்ற வரம்பு 13 ஆகிவிட்டது.

ஆகவே வாங்குவதற்கு முன் கருவியின் உயரத்தையும் அகலத்தையும் மட்டுமல்லாமல் ஆழத்தையும் அளந்துகொள்ளுங்கள். ஸ்டாண்டின் தாங்கு சட்டங்கள் பெடல் முனை வரையாவது வர வேண்டும். அதைத் தாண்டி வந்தால் இன்னும் நல்லது. சட்டம் மட்டும் முன்னால் வந்து தரையில் ஊன்றும் கால் பின்னாலேயே நின்றால் பயனில்லை, அப்போது கருவிக்குப் பதிலாக ஸ்டாண்டும் கருவியும் சேர்ந்து கவிழும். முன்கால் ஊன்றும் இடமும் பெடல் முனைக்கு நேர் கீழே, அல்லது அதற்கு முன்னால், இருந்தாக வேண்டும்.

ஈர்ப்பு மையம் எங்கே இருக்கிறது என்று வீட்டிலேயே எப்படிக் கண்டுபிடிப்பது?

தரையில் ஓர் உருண்டையான மரக்கட்டையையோ குழாயையோ வைத்து, அதன் மேல் கருவியை மெல்ல முன்னும் பின்னும் நகர்த்துங்கள். இருபுறமும் சாயத் தயங்கி நிற்கும் இடமே ஈர்ப்பு மையக் கோடு. உடன் ஒருவர் இருப்பது நல்லது. எடை தெரியாவிட்டால், உடல் எடை பார்க்கும் தராசில் முதலில் நீங்கள் மட்டும் ஏறுங்கள். பிறகு கருவியைத் தூக்கிக்கொண்டு ஏறுங்கள். வித்தியாசமே கருவியின் எடை.

நின்றுகொண்டு காலால் வாசிப்பவருக்கு எந்த உயரம் சரி?

தரை. இதை மழுப்பாமல் சொல்லிவிடுகிறேன். கிதாரைத் தோளில் மாட்டிக்கொண்டு நிற்பவர் பெடலை மிதிக்கும் ஒவ்வொரு முறையும் ஒற்றைக் காலில்தான் நிற்கிறார். கருவி ஒவ்வொரு சென்டிமீட்டர் உயரும்போதும் மிதிக்கும் கால் அதே அளவு தூக்கப்பட வேண்டியிருக்கிறது, இடுப்பு ஒரு பக்கம் சாய்கிறது, குதிகாலைத் தரையில் ஊன்றி முன்பாதத்தால் மட்டும் அழுத்தும் வசதி போய்விடுகிறது. இவருக்கு வேண்டியது ஸ்டாண்டு அல்ல. வழுக்காத, வளையாத, அகலமான ஒரு பலகை.

உட்கார்ந்து வாசிப்பவருக்கு?

இருக்கையின் மேற்பரப்புக்கும் பெடலின் மேற்பரப்புக்கும் இடையே ஏறத்தாழ 50 சென்டிமீட்டர் என்று தொடங்கி, உங்கள் கால் நீளத்துக்கு ஏற்பக் கூட்டிக் குறைத்துக்கொள்ளுங்கள். தொடை தரைக்கு இணையாகவோ முழங்காலை நோக்கிச் சற்றே இறங்கியோ இருக்க, பாதம் வலிந்து தூக்காமல் பெடலைத் தொட வேண்டும். இருக்கையின் உயரத்தை மாற்ற முடியுமானால் கருவியை உயர்த்தாமல் இருக்கையையே மாற்றுங்கள். மனிதரை நகர்த்துவது கனமான பெட்டியை நகர்த்துவதைவிட எளிது.

எஃகா, அலுமினியமா?

ஒரே அளவுள்ள குழாய்களை ஒப்பிட்டால், அலுமினியத்தின் எடை எஃகின் எடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு. விறைப்பும் மூன்றில் ஒரு பங்குதான். ஆகவே அலுமினியம் மோசம் என்று பொருளல்ல. அதே விறைப்பைப் பெற அதன் குழாய் பருமனாக இருக்க வேண்டும் என்பதே பொருள். எஃகைப் போல மெலிந்து தெரியும் அலுமினிய ஸ்டாண்டைக் கண்டால் ஐயப்படுங்கள். ஓரிடத்திலேயே வைத்திருப்பவருக்கு எஃகு ஸ்டாண்டின் எடை நன்மையே செய்கிறது, ஏனென்றால் அடியில் இருக்கும் எடை கவிழ்வதைத் தடுக்கிறது.

நானே மரத்தில் செய்துகொள்ளலாமா?

தாராளமாக. உண்மையில், காலால் வாசிப்பவருக்குக் கடையில் கிடைப்பதைவிடத் தச்சரிடம் கிடைப்பதே பெரும்பாலும் பொருத்தமாக அமைகிறது.

அடிப்பலகைக்குக் குறைந்தது 18 மில்லிமீட்டர் பிளைவுட்டை எடுங்கள். பலகையின் விறைப்பு அதன் தடிமனின் மும்மடிப் பெருக்கத்தைப் பொறுத்தது. 12 மில்லிமீட்டரிலிருந்து 18க்குப் போகும்போது தடிமன் ஒன்றரை மடங்குதான் கூடுகிறது என்றாலும், விறைப்பு மூன்று மடங்குக்கு மேல் கூடிவிடுகிறது. தாங்கல்களுக்கு இடையே உள்ள தூரத்துக்கும் இதே கணக்கு எதிர்த்திசையில் பொருந்தும்: தூரத்தைப் பாதியாக்கினால் நடுவில் ஏற்படும் தொய்வு எட்டில் ஒரு பங்காகக் குறையும். எனவே பலகையைத் தடிப்பாக்கிக்கொண்டே போவதைவிட, அடியில் குறுக்குக் கட்டைகளைச் சேர்ப்பது மலிவான வழி. துகள்பலகையைத் தவிர்த்துவிடுங்கள், திருகாணி பிடித்த இடம் அதிர்வில் நாளடைவில் உதிர்ந்துவிடும்.

பலகையைக் கருவியைவிடப் பக்கங்களில் சற்று அகலமாகவும், முன்னால் உங்கள் குதிகால் ஊன்றும் அளவுக்கு நீளமாகவும் வெட்டுங்கள். நீங்களே பலகையின் மேல் கால் ஊன்றியிருக்கும்போது அது எங்கும் நகராது. உங்கள் எடையே அதற்கு நங்கூரம். பின்விளிம்பில் ஒரு சட்டம் அடித்துவிட்டால், மிதிக்கும்போது கருவி பின்னோக்கி நழுவுவதும் நின்றுவிடும். பெடலைக் கீழ்நோக்கி மட்டும் மிதிக்கிறோம் என்று நினைத்துக்கொள்கிறோம், ஆனால் கால் எப்போதும் சற்றே முன்னோக்கித் தள்ளுகிறது. வழவழப்பான தரையில் ஒரு பாட்டு முடிவதற்குள் கருவி ஒரு சாண் தூரம் போய்விட்டிருப்பதற்கு அதுதான் காரணம்.

மேசை உயரத்துக்குச் செய்வதாக இருந்தால் நான்கு கால்கள் மட்டும் போதா. பின்பக்கத்திலும் இரு பக்கங்களிலும் மூலைவிட்டமாக ஒவ்வொரு சட்டம் அடியுங்கள். செவ்வகம் எளிதில் கோணிக்கொள்ளும், முக்கோணம் கோணாது. அவசரத்துக்குப் பழைய டீப்பாய் ஒன்றின் மேல் ஒரு கனமான பெடல் கருவியை வைத்து வாசித்தவன் நான். கால்கள் முறியவில்லை. அவை அத்தனையும் ஒரே பக்கமாகச் சாய்ந்து, டீப்பாய் மெதுவாக, மரியாதையோடு படுத்துக்கொண்டது. மூலைவிட்டச் சட்டத்தின் அருமை எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

கருவியை ஸ்டாண்டோடு திருகி இணைக்கலாமா?

கருவியின் அடியில் ஏற்கெனவே ரப்பர் பாதங்கள் திருகப்பட்டிருக்கும் துளைகளை மட்டும் பயன்படுத்தலாம். அதிலும் பழைய திருகாணி கருவிக்குள் செல்லும் நீளத்தோடு பலகையின் தடிமனை மட்டும் கூட்டி, அதற்கு மேல் ஒரு மில்லிமீட்டரும் நீளாத திருகாணியை எடுக்க வேண்டும். நீண்ட திருகாணி உள்ளே இருக்கும் மின்சுற்றுப் பலகையைத் தொட்டுவிடலாம். புதிதாகத் துளை போடாதீர்கள். பழைய டாரஸ் போன்ற கருவியில் துளையிட்டால் அதன் விற்பனை மதிப்பும் அந்தத் துளை வழியாகவே வெளியேறிவிடும். அகலமான துணிப்பட்டியால் இறுக்கிக் கட்டுவதே பாதுகாப்பானது. காற்றுப் புகும் துளைகள் மூடப்படவில்லை என்பதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

தாழ்ந்த சுரங்களை வாசிக்கும்போது ஸ்டாண்டு கடகடக்கிறது. என்ன செய்வது?

பேஸ் கிதாரின் மிகத் தடித்த தந்தி 41 ஹெர்ட்ஸ் அளவில் ஒலிக்கிறது. பேஸ் பெடல் அதற்கும் கீழே 33 ஹெர்ட்ஸ் வரை எளிதாகப் போகும். பெரிய ஒலிபெருக்கி அதே மரத்தளத்தில் நின்றால், அந்த அதிர்வு தரை வழியாக ஸ்டாண்டுக்குள் ஏறி, தளர்வாக இருக்கும் எல்லாவற்றையும் பேச வைத்துவிடும். குற்றவாளி பெரும்பாலும் குழாய் அல்ல; உயரத்தைச் சரிசெய்யும் ஊசி, துளைக்குள் தொங்கும் பிளாஸ்டிக் மூடி, இறுக்காத கைப்பிடித் திருகு போன்ற சில்லறைப் பொருள்கள்தான். ஒரு தாழ்ந்த சுரத்தை நிறுத்தி வைத்துவிட்டு, ஒவ்வொரு பொருத்தாகக் கையால் பிடித்துப் பாருங்கள். எதைப் பிடித்தால் ஓசை அடங்குகிறதோ அதுதான். துளைக்கும் ஊசிக்கும் இடையே மெல்லிய ரப்பர் வாஷர் போட்டால் போதும்.

அதிர்வில் நட்டுகள் தாமே கழன்றுகொள்ளும் என்பதையும் எதிர்பார்க்க வேண்டும். உள்ளே நைலான் வளையம் கொண்ட பூட்டு நட்டுகளைப் பயன்படுத்தினால் அந்தத் தொல்லை பெருமளவு குறையும்.

ரப்பர் பாதங்கள் தரையில் கறை விடுகின்றனவே?

சில ரப்பர்களில் சேர்க்கப்படும் பொருள், மெருகு பூசிய மரத்தரையிலும் வினைல் தரையிலும் ஊடுருவி மஞ்சள் கறையை விடும். தரைக்கும் பாதத்துக்கும் இடையே ஒரு கம்பளத் துண்டை வைத்துவிடுங்கள். மேடையில் கம்பளம் வேறு வகையிலும் உதவுகிறது: அதன் மேல் கருவியையும் இருக்கையையும் சேர்த்து வைத்தால் இரண்டும் ஒன்றைவிட்டொன்று விலகிப் போகா.

ஒலியைச் சரிசெய்யக் குனிய வேண்டியிருக்கிறது என்பதற்காகத்தான் நான் கருவியை உயர்த்த நினைக்கிறேன். வேறு வழி உண்டா?

உண்டு, மோக் நிறுவனமே அதைச் செய்து காட்டியது. முதல் டாரஸில் ஒலியளவுக்கும், ஒலியின் கூர்மையைக் கூட்டிக் குறைக்கும் ஃபில்டருக்கும் காலால் தள்ளும் பெரிய ஸ்லைடர்கள் இருந்தன. 1981இல் வந்த டாரஸ் 2இல் பெடல்களின் எண்ணிக்கை 18 ஆனது. கட்டுப்பாட்டுப் பெட்டி தனியாகப் பிரிக்கப்பட்டு, ஒரு தண்டின் மேல் கைக்கு எட்டும் உயரத்துக்கு ஏற்றப்பட்டது. பெடல் தரையிலேயே இருக்கட்டும், கட்டுப்பாடு மட்டும் மேலே வரட்டும் என்ற அந்த எண்ணம் இன்றும் செல்லும். தானாக ஒலி எழுப்பாமல், எந்தச் சுரம் மிதிக்கப்பட்டது என்ற தகவலை மட்டும் அனுப்பும் எடை குறைந்த மிடி பெடலைத் தரையில் போட்டு, ஒலி எழுப்பும் பெட்டியை மேசை மேல் வைத்துக்கொள்ளலாம். 2012இல் வந்த மினிடார், டாரஸின் ஒலியைப் பெடல்கள் இல்லாத சிறு பெட்டியாகவே தந்தது. கனமான கருவியை இன்னும் வாங்காதவர்கள் ஸ்டாண்டைத் தேடுவதற்கு முன் இந்த வழியை ஒரு முறை எண்ணிப் பார்ப்பது நல்லது.

இரண்டு அடுக்கு ஸ்டாண்டில் மேலே கீபோர்டு, கீழே பெடல் என்று வைக்கலாமா?

ஒரே சட்டத்தில் இரண்டையும் இணைக்காதீர்கள். பெடலை மிதிக்கும் ஒவ்வொரு முறையும் மேலே உள்ள கீபோர்டு குலுங்கும். மேசை வகை ஸ்டாண்டில் கீபோர்டை வைத்து, அதன் கால்களுக்கு நடுவே தரையில் பெடலைத் தனியாக வையுங்கள். எக்ஸ் வடிவமாக இருந்தால் அந்த இடத்தில் உங்கள் முழங்காலுக்கே இடம் இருக்காது.

கடையில் வாங்கும்போது எதைச் சோதிக்க வேண்டும்?

ஸ்டாண்டை உங்களுக்கு வேண்டிய உயரத்தில் பொருத்தச் சொல்லுங்கள். முன் விளிம்பின் வலது மூலையில் இரு உள்ளங்கைகளையும் ஊன்றி, உடலைச் சாய்த்து அழுத்துங்கள். எதிர் மூலையின் கால் தரையை விட்டு எழுந்தால் வேறொன்றைப் பாருங்கள். பிறகு பக்கவாட்டில் பிடித்து மெல்ல ஆட்டி, விட்ட பிறகும் ஆடிக்கொண்டிருக்கிறதா என்று பாருங்கள். ஒவ்வொரு காலின் அடியிலும் உயரத்தைச் சரிசெய்யும் திருகு இருக்கிறதா என்றும் பாருங்கள், ஏனென்றால் எந்த மேடையும் ரசமட்டத்துக்குச் சரியாக இருப்பதில்லை. வெல்டிங் செய்த பொருத்துகளில் குழாயைச் சுற்றி முழுவதும் பற்ற வைத்திருக்கிறார்களா, இரண்டு இடத்தில் மட்டும் பொட்டு வைத்துவிட்டு வண்ணம் பூசியிருக்கிறார்களா என்பதைக் குனிந்து பார்த்துவிட்டு, கடைசியாக அளவுநாடாவை எடுத்து முன்கால் ஊன்றும் இடத்தை இன்னொரு முறை அளந்துகொள்ளுங்கள்.